ஊசி போட்டும் பல் ஏன் வலிக்கிறது? விறைப்பும் அடைப்பும் பற்றிய விவாத இழை

கொட்டகலை (இலங்கை மலையகம்) வாசகி, 2024 ஜூன் 8, இரவு 9.40

கீழ்க் கடைவாய்ப் பல்லை அடைப்பதற்காக நேற்று அரச பற்சிகிச்சை நிலையம் ஒன்றுக்குச் சென்றேன். விறைப்பு ஊசி போட்டார்கள். உதடு தடித்துப்போய்விட்டது. ஆனால் குடையத் தொடங்கியதும் உயிர் போகிற வலி. கையை உயர்த்தினேன். "உதடு விறைத்துவிட்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், வீணாகப் பயப்படாதீர்கள்" என்றார் வைத்தியர். அழுதுகொண்டே வேலையை முடித்துக்கொண்டு வந்தேன். இலவசச் சிகிச்சை என்பதால் ஊசி மருந்தில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், எல்லோரும் சொல்கிறார்கள். இது உண்மையா? காசு கொடுத்துத் தனியாரிடம் போனால் வலிக்காதா?

ஆசிரியர் ஒருவரின் பதில் (இனி வரும் பதிவுகள் எல்லாம் இவருடையவை), 2024 ஜூன் 8, இரவு 11.15

தண்ணீர் கலப்பதில்லை. பல் ஊசிக்கென்று தயாரிக்கப்படும் மருந்து பெரும்பாலும் இரு முனைகளும் அடைக்கப்பட்ட சிறிய கண்ணாடிக் குழாய்களில் தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. அந்தக் குழாயை அப்படியே உலோகச் சிரிஞ்சில் பொருத்திப் போட்டுவிட்டு, வெறுமையானதும் எறிந்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது வழக்கமாக 2 சதவீத லிக்னோகெயின் என்ற விறைப்பு மருந்து, அதனுடன் 80,000 இல் ஒரு பங்கு அட்ரினலின். தனியார் நிலையங்களிலும் பெரும்பாலும் இதே மருந்துதான். அங்கே நீங்கள் கொடுக்கும் காசு மருந்துக்கான விலை என்பதைவிட நேரத்துக்கான விலை என்பதே பொருத்தம்.

வலித்தது என்று நீங்கள் சொல்வதை முழுமையாக நம்புகிறேன். உதடு விறைத்தும் பல் விறைக்காமல் இருப்பது எந்த நாட்டுப் பல் வைத்தியரும் அறிந்த ஒன்று. அதை நோயாளியின் பயமாகக் கணக்கெழுதுவது எளிது என்பதால் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள்.

2024 ஜூன் 9, காலை

நேற்றிரவு எழுதியது போதாது. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் இந்தத் தொல்லை ஏன் அதிகம் என்பதைச் சொல்ல வேண்டும்.

மேல்தாடையின் எலும்பு மெல்லியது, நுண்துளைகள் உள்ளது. பல்லின் அருகே ஈறில் மருந்தைச் செலுத்தினால் அது எலும்பினூடாக ஊறி வேர் நுனியை எட்டிவிடும். கீழ்த்தாடையின் பின்பகுதி எலும்போ கெட்டியானது, அதில் மருந்து எளிதில் ஊறாது. ஆகவே பல்லுக்குச் செல்லும் நரம்பு தாடை எலும்புக்குள் நுழைவதற்கு முன்பாகவே, வாயின் பின்புறத்தில், தாடையின் உட்பக்கத்தில் வைத்து அதை மறிக்க வேண்டியிருக்கிறது. அந்த இடம் வைத்தியரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. விரலால் எலும்பின் விளிம்பைத் தொட்டு, சிரிஞ்சை எதிர்ப்பக்கப் பற்களின் மேலாகச் சாய்த்து, இங்கேதான் இருக்கும் என்று கணித்தே ஊசியைச் செலுத்துகிறார். நரம்பு நுழையும் துளை ஆளுக்கு ஆள் சற்று மேலேயோ கீழேயோ அமைந்திருக்கும். தாடையின் அடித்தசைக்குப் போகும் கிளை நரம்பொன்று சிலருக்குக் கடைவாய்ப் பல்லின் உணர்வையும் சுமந்து செல்கிறது. பிரதான நரம்பை மறித்தாலும் அந்தக் கிளை மறிக்கப்படாமல் எஞ்சிவிடும். இந்த ஊசி நூறு பேரில் 15 முதல் 20 பேருக்குச் சரியாகப் பிடிக்காது என்று பாடநூல்களே ஒப்புக்கொள்கின்றன. நல்ல கைராசிக்காரர் போட்டாலும் இதுதான் நிலை.

உதட்டுக்கும் பல்லுக்கும் செல்வது ஒரே நரம்பின் கிளைகள்தாம். ஆனால் உதடு ஐந்து நிமிடத்தில் தடித்துவிட, பல்லின் உள்ளே இருக்கும் நரம்புத் திசுவான பற்கூழ் விறைப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகலாம், ஆகாமலே போகவும் செய்யலாம். எனவே "உதடு விறைத்துவிட்டதா?" என்ற ஒரே கேள்வியோடு குடையத் தொடங்குவது பாதிச் சோதனைதான். பஞ்சில் குளிரூட்டும் திரவத்தைத் தெளித்துப் பல்லில் வைத்துப் பார்த்தால் உள்ளே உணர்வு இருக்கிறதா இல்லையா என்பது சில விநாடிகளில் தெரிந்துவிடும்.

2024 ஜூன் 9, மாலை

"பயந்தாங்கொள்ளிகளுக்குத்தான் ஊசி பிடிக்காது" என்று இந்த இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார். பயம் வலியைப் பெருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எது முன், எது பின் என்று பார்க்க வேண்டும். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் நகரத்துத் தனியார் பல் வைத்தியர் ஒருவரிடம் கீழ்ப் பல்லைக் காட்டினேன். ஊசி போட்ட கையோடு குடைந்தார். நான் துள்ளியபோது, "வாத்தியார் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டாமா?" என்று சிரித்தார். அதுவரை எனக்குப் பல் வைத்தியரிடம் பயம் இருந்ததில்லை. அதன் பிறகு சில ஆண்டுகள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. போகாத அந்த ஆண்டுகளில் சூத்தை ஆழமாகி, அடைத்தே முடித்திருக்கக்கூடிய பல் வேர்ச் சிகிச்சை வரைக்கும் வந்து நின்றது.

பின்னர் வேறொரு வைத்தியர் அதே பல்லில் ஊசி போட்டுவிட்டு, என்னை வெளி வாங்கில் உட்காரச் சொல்லி, இடையில் இன்னொருவரைப் பார்த்து முடித்து, திரும்ப அழைத்துக் குளிர்ப் பஞ்சை வைத்துச் சோதித்தார். உணர்வு இருந்தது. "உங்களுக்கு இன்னும் பிடிக்கவில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்கு மருந்தைவிடப் பெரிதாக இருந்தது. பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள இணைப்பிழையில் மெல்லிய ஊசியால் சிறிதளவு மருந்தை அழுத்திச் செலுத்தினார். அழுத்தம் தெரிந்தது. அதன் பின் ஒன்றும் தெரியவில்லை. அவர் முன்னால் எனக்குப் பயமே வரவில்லை.

2024 ஜூன் 12

மலையகத்தைப் பொறுத்தவரை முக்கியமான காரணம் ஒன்றை இன்னும் தொடவில்லை. அது தாமதம்.

லிக்னோகெயின் நரம்பின் மென்சவ்வைக் கடந்து உள்ளே போனால்தான் வேலை செய்யும். மின்னேற்றம் இல்லாத வடிவத்திலுள்ள மூலக்கூறுகளே அப்படிக் கடக்க வல்லவை. அமில, கார நிலையைக் காட்டும் pH அளவு உடல் திசுவில் இயல்பாக 7.4. அந்த நிலையில் ஏறத்தாழக் கால் பங்கு மருந்து அந்த வடிவத்தில் இருக்கும். சீழும் வீக்கமும் உள்ள இடம் அமிலத்தன்மை அடைந்திருக்கும். அங்கே அளவு 6.4 ஆக இறங்கினால் அந்தக் கால் பங்கு ஏறத்தாழ 3 சதவீதமாகச் சுருங்கிவிடும். மருந்து அதேதான், அளவும் அதேதான், ஆனால் உள்ளே நுழைவது சொற்பம். வீங்கிய பல்லில் ஊசி பிடிக்காததற்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம் இது.

தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் பல்லில் சிறு குழி விழுந்தவுடன் ஏன் போவதில்லை என்று கேட்டால், பலரும் "அறியாமை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு பல்லுக்காகப் போனால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். டிவிசனிலிருந்து பெருந்தெருவுக்கு நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, நம்பர் துண்டு முடிவதற்குள் சேர வேண்டும். சேர்ந்தாலும் அன்றைக்குப் பல் கழற்றும் வேலைதான் நடக்கும், அடைப்பதற்கு வேறொரு நாள் வரச் சொல்வார்கள். அந்த இன்னொரு நாளுக்கு இன்னொரு பேர். ஆகவே கராம்பைக் கடித்துக்கொண்டும் பனடோலை விழுங்கிக்கொண்டும் தள்ளிப்போட்டு, இரவில் உறங்க முடியாத நிலை வந்த பிறகே போகிறார்கள். அதாவது ஊசி பிடிக்கச் சாத்தியம் மிகக் குறைந்த கட்டத்தில் போகிறார்கள். அங்கே வலிக்கிறது என்று சொன்னால் "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?" என்ற கேள்வியும் "பயப்படாதே" என்ற அதட்டலும் சேர்ந்து கிடைக்கின்றன. வலி தோட்டத்து ஆளுக்குக் கூடுதலாக இருப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம் அவருடைய உடம்பல்ல, அவர் வந்து சேரும் நேரம்.

2024 ஜூன் 12, இரவு

தலவாக்கலையிலிருந்து எழுதும் வாசகர் கூர்மையான கேள்வி ஒன்றைக் கேட்டிருக்கிறார். கீழ்ப் பல்லுக்கான ஊசி வாயின் பின்புறத்தில் போடப்படுகிறது என்றால், பல்லடியில் உள்ள சீழின் அமிலம் அங்கே எப்படி மருந்தைக் கெடுக்கும் என்பது அவரது கேள்வி. நியாயமான கேள்விதான். அமில விளக்கம் வீங்கிய இடத்திலேயே போடும் ஊசிக்குப் பொருந்தும், தொலைவில் போடும் ஊசிக்கு முழுமையாகப் பொருந்தாது. அங்கே நரம்பின் மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீண்ட நாள் அழற்சியில் இருந்த பற்கூழின் நரம்புகள் சிறு தூண்டலுக்கும் துடிக்கத் தொடங்கிவிடுகின்றன. லிக்னோகெயினுக்கு எளிதில் கட்டுப்படாத வகைச் சோடியக் கால்வாய்கள், அதாவது வலிச் சைகையைக் கடத்தும் நுண்வாயில்கள், அவற்றில் பெருகுகின்றன. எனவே ஊசி சரியான இடத்தில் விழுந்து உதடு நன்றாக விறைத்த பிறகும் பல் மட்டும் கத்தும். கொட்டகலை வாசகிக்கு நேர்ந்தது அநேகமாக இதுவாக இருக்கலாம், பல்லைப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

2024 ஜூன் 13

"நம் நாட்டில் போடுவது பழைய மருந்து, வெளிநாட்டில் நல்ல மருந்து இருக்கிறது" என்ற கருத்துக்கு ஒரு வார்த்தை. லிக்னோகெயின் பழையதுதான். சுவீடனில் நில்ஸ் லொஃப்கிரென் 1943 இல் உருவாக்கியது. அதற்கு முன் 1905 இல் வந்த புரோகெயின், அதற்கும் முன் 1884 முதல் கொக்கெயின். தாடை நரம்பைக் கொக்கெயினால் மறித்துக் காட்டிய ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், தம் மீதே அதைச் சோதித்துப் பார்த்து அதற்கே அடிமையானார். பழையது என்பதற்காக ஒரு மருந்து தாழ்ந்ததாகிவிடாது. ஜெர்மனியில் 1976 இல் வந்த ஆர்ட்டிகெயின் எலும்பில் சற்றுக் கூடுதலாக ஊறும் என்பது உண்மை. தாடை ஊசி பிடிக்காதபோது பல்லின் வெளிப்பக்க ஈறில் அதைக் கூடுதலாகப் போட்டால் பலன் கிடைக்கிறது. ஆனால் சூடான பல்லில், அதாவது கடும் அழற்சியுள்ள பல்லில், அதுவும் தோற்பதுண்டு.

2024 ஜூன் 15

அப்படியானால் நோயாளி என்ன செய்யலாம் என்று பலர் கேட்கிறார்கள். வாயைத் திறந்துவிட்டால் பேச முடியாது என்பதால் எல்லாவற்றையும் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முன்பொரு தடவை ஊசி பிடிக்கவில்லை என்றால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இடக் கையை உயர்த்தினால் நிறுத்த வேண்டும் என்று உடன்பட்டுக்கொள்ளுங்கள். வைத்தியர் சிங்களம் மட்டும் பேசுபவராகவும் நீங்கள் தமிழ் மட்டும் பேசுபவராகவும் இருக்கும் நம் ஊர் நிலையில் இந்தக் கைச் சைகை இன்னும் அவசியம். உடன்படாமல் உயர்த்திய கையைத் தாதி பிடித்துக் கீழே இறக்கிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். அவர் கெட்டவர் அல்லர், ஊசி முனையில் கை பட்டுவிடும் என்று பயந்தார்.

இரண்டாவது ஊசியைக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். "அதிகம் போட்டால் நெஞ்சு நின்றுவிடும்" என்ற பேச்சு லயங்களில் மட்டுமல்ல, ஆசிரியர் அறைகளிலும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2.2 மில்லிலீற்றர் குழாய் ஒன்றில் 44 மில்லிகிராம் லிக்னோகெயின் இருக்கிறது. கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற கண்டிப்பான வரம்பை எடுத்துக்கொண்டாலும் 50 கிலோ எடையுள்ளவருக்கு 220 மில்லிகிராம், அதாவது ஐந்து குழாய்கள். இரண்டாவது குழாய் என்பது வரம்புக்கு வெகு கீழே. சிறு பிள்ளைகளுக்கும் ஈரல் நோயாளருக்கும் இதய நோயாளருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது, அது வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது.

ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்துக் கை நடுங்கினால் அது பெரும்பாலும் அட்ரினலினின் வேலை, சில நிமிடங்களில் அடங்கிவிடும். "எனக்கு ஊசி ஒத்துக்கொள்ளாது" என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டு திரியும் பலருக்கு உண்மையில் நேர்ந்தது இதுதான். ஆயினும் இரத்த அழுத்த நோயும் இதய நோயும் உள்ளவர்கள் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

2024 ஜூன் 16

ஊசி குத்தும் வலியைப் பற்றிக் கேட்டவருக்கு: ஈறைத் துடைத்து உலர்த்தி, மேற்பூச்சுக் களிம்பை ஒன்றிரண்டு நிமிடம் வைத்திருந்து, மருந்தை மெதுவாகச் செலுத்தினால் வலி வெகுவாகக் குறையும். ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு நிமிடம் என்பதே முறை. நாற்பது பேர் வரிசையில் நிற்கும் கிளினிக்கில் அந்த ஒரு நிமிடத்தை யார் தருவார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

2024 ஜூன் 16, மாலை

விறைப்பு உள்ள வாயில் சூடான சாயத்தண்ணி, அதாவது பால் சேர்க்காத தேநீர், குடிக்காதீர்கள். பல் விறைப்பு ஒரு மணி நேரத்தில் தணிந்தாலும் உதடும் நாக்கும் மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை மரத்தே இருக்கும். என் தங்கையின் மகன் விளையாட்டாகக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். மறுநாள் உதடு வீங்கி, அவன் பாட்டி "ஊசியில் விஷம்" என்று தீர்ப்பளித்துவிட்டார். அது ஊசியால் வந்ததல்ல, பல்லால் வந்தது. சில நாட்களில் ஆறியது. பாட்டியின் தீர்ப்பு மட்டும் இன்னும் மாறவில்லை.

2024 ஜூன் 20

ஊசியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அடைப்பைப் பற்றிய முறைப்பாடுகளில் முதலிடம் உயரத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அடைத்து முடித்ததும் நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். தாடையின் ஒரு பாதி மரத்துப்போயிருக்கும் நிலையில், மல்லாந்து படுத்தபடி, இரண்டு மணி நேரமாகப் பசியோடு காத்திருந்த ஒருவரிடம் "கடி சரியாக இருக்கிறதா?" என்று கேட்டால் அவர் "சரி" என்றுதான் சொல்வார். வீட்டுக்கு வந்து விறைப்பு விட்ட பிறகு முதல் கவளத்திலேயே தெரியும், அந்தப் பல் மற்றவற்றுக்கு முன்பாகச் சென்று மோதுகிறது என்று. முடியளவு உயரம்தான். ஆனால் ஒவ்வொரு கடியிலும் முழுத்தாடையின் பலத்தையும் அந்த ஒரு பல்லே தாங்குகிறது. வேரைச் சுற்றியுள்ள இணைப்பிழை புண்ணாகி, இரண்டு மூன்று நாட்களில் "அடைத்த பல் முன்பைவிட மோசமாக வலிக்கிறது" என்ற நிலை வருகிறது. இதற்கு மருந்து தேவையில்லை. திரும்பிச் சென்றால் ஊசிகூட இல்லாமல் ஒரு நிமிடத்தில் சீவிச் சரிசெய்துவிடுவார்கள்.

ஆனால் திரும்பிச் செல்வது என்பது மீண்டும் பஸ், மீண்டும் நம்பர் துண்டு, மீண்டும் ஒரு பேர். எனவே நம் ஆட்கள் திரும்பிப் போவதில்லை. மறுபக்கத்தால் மென்று சமாளித்து, "அடைத்தால் வலிக்கும், கழற்றிவிடுவதே மேல்" என்ற முடிவுக்கு வந்து, அடுத்த பல்லுக்கு வலி வரும்போது நேரே கழற்றச் சொல்கிறார்கள். ஒரு முடியளவு உயரத்தால் ஒரு குடும்பமே பல் அடைப்பதைக் கைவிட்டதை நான் அறிவேன். ஆகையால் எழுந்திருப்பதற்கு முன், நிமிர்ந்து உட்கார்ந்தபடி, விறைக்காத பக்கத்துப் பற்கள் வழக்கம்போல் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பாருங்கள். விறைத்த பக்கம் தகவல் தராது, விறைக்காத பக்கம் தரும். அந்தப் பக்கத்தில் இடைவெளி தெரிந்தால் அடைப்பு உயரம் என்று பொருள்.

2024 ஜூன் 23

சாம்பல் நிற அடைப்பா வெள்ளை அடைப்பா என்ற சண்டை எதிர்பார்த்ததுதான். சாம்பல் நிறத்தது அமல்கம். அதில் எடையளவில் ஏறத்தாழப் பாதி பாதரசம், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. ஈரம் சற்றே பட்டாலும் சமாளிக்கும், நீண்ட காலம் உழைக்கும். ஆனால் இறுகுவதற்கு ஒரு நாளாகும், அன்று அந்தப் பக்கத்தால் மெல்லக் கூடாது. 2013 இன் மினமாட்டா உடன்படிக்கை பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்கிறது, இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு. 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும், மருத்துவர் அவசியம் என்று கருதினாலன்றி, அமல்கத்தைத் தவிர்க்க வேண்டும் என்று 2022 இல் அதில் சேர்த்தார்கள்.

நீல ஒளியில் இறுகும் வெள்ளை அடைப்பு அழகானது. ஆனால் உமிழ்நீர் ஒரு துளி பட்டாலும் ஒட்டு கெட்டுவிடும். இறுகும்போது இரண்டு மூன்று சதவீதம் சுருங்குவதால், அவசரமாக ஒரே குவியலாக அடைத்தால் ஓரத்தில் இடைவெளி விழும், பிறகு குளிர்ந்த நீர் பட்டதும் கூசும். நுவரெலியாவில் விடியற்காலைக் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரைப் பயன்படுத்துங்கள். வாரக்கணக்கில் கூச்சம் குறையாமல், சூடான பானத்துக்கும் வலித்து, தானாகவே விட்டுவிட்டுக் குத்தத் தொடங்கினால் அது அடைப்பின் கூச்சம் அல்ல, உள்ளே பற்கூழ் நலிகிறது. அப்போது தாமதிக்க வேண்டாம்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: கண்ணாடி அயனோமர். ஒட்டும், ஃபுளோரைட்டைக் கசியவிடும், ஆனால் தேயும். பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் பிள்ளைகளுக்கு அடைப்பது பெரும்பாலும் இதுதான். பொறி எதுவும் இல்லாமல், கைக்கருவியால் சூத்தையைச் சுரண்டி இதை வைத்து அடைக்கும் முறை 1980களின் நடுவில் தன்சானியாவில் தொடங்கியது. அதில் ஊசி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, மின்சாரமும் தேவையில்லை. தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களுக்கே சென்று செய்யத்தக்க வேலை இது. பொறியின் சத்தமே பாதிப் பயம் என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியாது.

2024 ஜூன் 30

"கொழும்பில் பல் அடைத்துவிட்டு ஊருக்கு வரும்போது, நுவரெலியாவுக்குப் போகும் இறம்பொடை ஏற்றத்தில் வலி தொடங்கியது, இறங்கும்போது விட்டுவிட்டது" என்று ஒருவர் எழுதியதற்குச் சிரிப்புக் குறிகளாகப் போட்டிருக்கிறீர்கள். சிரிக்க வேண்டாம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். அடைப்பின் அடியில் காற்று சிக்கியிருந்தாலோ பற்கூழ் ஏற்கெனவே அழற்சியில் இருந்தாலோ அழுத்தம் குறையும்போது வலி எழலாம். இரண்டாம் உலகப் போரின் விமானிகளிடம் இது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. விமானம் ஏறும் அளவுக்கு நம் பஸ் வேகமாக ஏறுவதில்லை என்பதும் உண்மை. ஆகவே உயரம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், வளைவுகளில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் காரணமாகலாம். எப்படியாயினும் அந்த அடைப்பை ஒரு தடவை காட்டுவது நல்லது. மேல் கடைவாய்ப் பல் என்றால் கன்னத்து எலும்பறையில் சளி அடைத்திருப்பதும் இதே வலியைத் தரும்.

2024 ஜூலை 4

வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஊசி ஏறாது என்பது பாதி உண்மை. மருந்து வேலை செய்யாமல் போவதில்லை, வாய் திறக்க முடியாமல் போகிறது. பாக்கை நெடுங்காலம் மென்றவர்களின் உட்கன்னம் நார்பிடித்து இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் வாய் திறக்காத நிலை வரும். வாயை அகலத் திறந்தால்தான் தாடை ஊசியின் இடத்தை எட்ட முடியும். பற்களை மூடியபடியே கன்னத்தின் உட்புறமாக ஊசியைச் செலுத்தும் மாற்று முறையை அக்கினோசி என்பவர் 1977 இல் விவரித்திருக்கிறார். அதில் பழகிய கையுள்ளவரைத் தேட வேண்டும். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்பது பயனுள்ளது. வாய் இறுகுவது பல்லைவிடப் பெரிய செய்தி. பாக்கைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் வகைப்படுத்தியது. நார்பிடித்த வாயில் புற்று வரும் வாய்ப்பும் கூடுதல். பல் அடைக்கப் போன இடத்தில் கன்னத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

2024 ஜூலை 7

சுருக்கமாக ஒன்று. கண் மூட முடியாமல் போன அக்காவைப் பற்றி எழுதியவருக்கு: தாடை ஊசி சற்றுப் பின்னால் போய்விட்டால் முகத் தசைகளின் நரம்பில் மருந்து பட்டு, ஒரு பக்க முகம் தொங்கி, கண் மூடாமல் நிற்கும். பாரிசவாதம் என்று வீடே அழுதிருக்கும். மருந்து வடிந்ததும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். அதுவரை கண்ணைச் சுத்தமான துணியால் மூடி வைத்திருக்க வேண்டும். மறுநாளும் அப்படியே இருந்தால் அது வேறு, உடனே காட்ட வேண்டும்.

2024 ஜூலை 9

கொட்டகலை வாசகி திரும்ப எழுதியிருக்கிறார். அதே பல் இரவில் துடிக்கிறது, வேர்ச் சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள், இந்தத் தடவையும் ஊசி பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார். இரவில் தானாகத் துடிப்பது பற்கூழ் அழற்சியின் அடையாளம். மேலே ஜூன் 12 அன்று எழுதியதே காரணம் என்று இப்போது கூடுதல் உறுதியுடன் சொல்லலாம்.

இத்தகைய பல்லுக்குச் சிகிச்சைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு இபுபுரொஃபென், அதாவது நம் ஊரில் புரூபன் என்று கேட்டு வாங்கும் மாத்திரை, எடுத்துக்கொண்டால் தாடை ஊசி பிடிக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எடுக்கலாமா, எவ்வளவு எடுக்கலாம் என்பதை உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள். வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக எடுக்கக் கூடாது. பல்லின் இணைப்பிழை, எலும்பு, கடைசியாகப் பற்கூழுக்குள்ளேயே என்று ஊசி போட இன்னும் இடங்கள் உள்ளன. கடைசியாகச் சொன்னது ஒரு விநாடி கடுமையாக வலிக்கும், பிறகு பல் அடங்கிவிடும். அன்றைக்கு எதுவுமே பிடிக்காவிட்டால், அழற்சியைத் தணிக்கும் மருந்தை உள்ளே வைத்துத் தற்காலிகமாக அடைத்து இன்னொரு நாள் தொடரச் சொல்லிக் கேட்கலாம். அழுதுகொண்டே முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

2024 ஜூலை 9, சற்று நேரத்தின் பின்

மாத்திரை பற்றி எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். காய்ச்சல் இருந்தால், அது டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை புரூபனைத் தொடவே கூடாது, இரத்தக்கசிவு ஆபத்து உண்டு. பனடோல் மட்டும், அதுவும் அளவோடு. கண்டிக்கும் கம்பளைக்கும் போய்வருபவர்கள் இந்த மாதங்களில் இதைக் கவனிக்க வேண்டும். பல் நாளைத் தள்ளிப்போட்டுவிட்டு முதலில் இரத்தத்தைப் பரிசோதியுங்கள்.